ஜூனிக்கும் ஓர் ஓட்டு

பெல்டன் பள்ளிக்கூடத்துக்குள் காலையில் முதலில் வருகிறவள் வெர்னா. சமையற்காரி முதலில் வந்துதான் ஆகவேண்டும், அத்தனை பிள்ளைகளுக்கும் சூப் தானாகக் கொதித்துவிடாது. ஆனால் போன செப்டம்பரில் பள்ளி திறந்ததிலிருந்து அவள் வரவேண்டிய நேரத்துக்கும் வெகு முன்னாலேயே வந்துகொண்டிருந்தாள். வெளியே விடிந்திருக்காது. புருஷன் லைல் பனி தள்ளும் லாரியை எடுத்துக்கொண்டு அதற்கும் முன்பே கிளம்பிப் போயிருப்பான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கு அது நல்ல வசதி.

பின்கதவைத் திறந்து, விளக்குப் போடாமல், பனி ஒட்டிய பூட்ஸோடு உள்ளே வருவாள். சமையலறை இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்புவாள். ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் சேர்ந்து உட்காரும் அறை அங்கே இருந்தது. சாயங்காலம் தரை கூட்டுவதற்காகப் பிள்ளைகள் நாற்காலிகளை எல்லாம் தூக்கி மேசை மேல் கவிழ்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இருட்டில் பார்த்தால் ஒரே கால்காலாக நிற்கும். அதில் ஒன்றை மட்டும் இறக்கிப் போட்டு அதில் உட்காருவாள். அது ஜூனியின் நாற்காலி. ஜூனி அவளுடைய மகள், ஒரே மகள்.

உட்கார்ந்து என்ன செய்வாள் என்று கேட்டால், ஒன்றும் செய்ய மாட்டாள். அழுகை எல்லாம் போன வருஷமே தீர்ந்துவிட்டது. மேசை மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளுக்கும்வரை சும்மா இருப்பாள். பிறகு எழுந்து சமையலுக்குப் போவாள். போகும்போது நாற்காலியைத் திரும்பத் தூக்கிக் கவிழ்க்க மனசு வராது. அப்படியே விட்டுவிட்டுப் போவாள். விடிந்ததும் வருகிற பிள்ளைகளுக்கு அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஒருநாள்கூடத் தோன்றியதில்லை.

விஷயம் நடந்தது போன வசந்தத்தில். பனிக்காலம் முழுக்க உறைந்து கிடந்த ஆறு ஏப்ரலில் ஒருநாள் திடீரென்று உடைந்து ஓடும். கட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி முட்டும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். யாருக்கும் வேலை ஓடாது. எல்லாரும் பாலத்துக்குப் போய் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அன்றைக்குப் பள்ளி விட்டதும் ஜூனி சமையலறைக்குத்தான் ஓடி வந்தாள். "அம்மா, ஐஸ் உடையுதாம். எல்லாரும் போறாங்க. நான் போகட்டுமா?" எங்கே போனாலும் கேட்டுவிட்டுத்தான் போவாள், அந்தக் குணம் அவளுக்கு. வெர்னா அடிப்பிடித்த பீன்ஸ் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போ" என்றாள்.

கரை ஓரத்தில் பனி மூடிய இடம் தரை என்று நினைத்து ஜூனி கால் வைத்திருக்கிறாள். அது தரை இல்லை. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? அன்றிலிருந்து வெர்னா அந்த ஒரு வார்த்தையை வாயில் எடுப்பதில்லை. பூனையைக்கூட 'நகரு' என்றுதான் விரட்டுவாள். ஆனால் வார்த்தை அவளை விடவில்லை. சட்டி கழுவும்போதெல்லாம் தன் குரலே முதுகுக்குப் பின்னால் நின்று, "போ" என்று அசட்டையாகச் சொல்வது கேட்கும்.

பெல்டனில் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். ஊரே பள்ளி ஜிம்மில் கூடி, சாலைக்கு எவ்வளவு, தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு என்று வாய்ச் சண்டை போட்டு, கையோடு ஓட்டும் போட்டுவிட்டுக் கலையும். அதற்கு முந்தின வாரம் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் தங்களுக்கென்று ஒரு கூட்டம் நடத்துவார்கள். அது மிஸ் பெர்லியின் ஏற்பாடு. ரோவீனா பெர்லி வகுப்பில் குடிமையியல் பாடம் என்றால் புத்தகத்தைத் திறந்து வாசிப்பது இல்லை. பிள்ளைகளே வாக்காளர் பட்டியல் எழுதவேண்டும், தலைவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும், விவாதிக்கவேண்டும். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் எந்த விஷயமானாலும் கூட்டத்தில் ஒரு விவாதப் பொருளாக வந்தே தீரும். ஊரில் என்ன சட்டமோ அதே சட்டம் வகுப்பிலும்.

பிள்ளைகள் கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ரோவீனா சமையலறைக்கு வந்தாள். வெர்னாவும் அவளும் இதே பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் காகிதத்தை நீட்டிவிட்டாள்.

"வெளிய ஒட்டுறதுக்கு முன்னாடி நீ பாத்துடணும்னு கொண்டுவந்தேன்."

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். மூன்றாம் பொருள்: ஜூனி பிளாஜெட்டை வகுப்பறையை விட்டுப் போகச் சொல்ல இந்த வகுப்பு சம்மதிக்கிறதா என்று பார்க்க.

இரண்டு தரம் வாசித்தாள். பிறகு காகிதத்தை மாவு மேடையில் வைத்தாள்.

"என்னடி இது?"

"மனு குடுத்துட்டாங்க, வெர்னா. அஞ்சு கையெழுத்து இருக்கு. டெக்கர்தான் ஓடியாடி வாங்கியிருக்கான்."

"டெக்கரா? அவ பக்கத்து மேசைக்காரனா? எங்க வீட்டுக்கு வந்து வந்து ஆப்பிள் பை தின்னானே, அவனா?"

"அவனேதான்."

"கிழிச்சுப் போடு."

"கிழிக்க முடியாது. அஞ்சு கையெழுத்து இருந்தா எதுவும் வரும்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன். மிஸ்ஸுக்குப் பிடிச்ச விஷயமா இருந்தாத்தான் வரும்னு சொல்லிக் குடுக்கலையே."

"நல்லா சொல்லிக் குடுத்தே போ..." என்று ஆரம்பித்து வெர்னா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். வார்த்தை அவளறியாமல் பாதி வெளியே வந்துவிட்டது. "செத்துப்போன பொண்ணை ஓட்டுப் போட்டுத் துரத்துவாங்களாம். அதுக்குப் பேரு பாடம்."

"அவ அங்க இருக்கறதா அவங்க நினைக்கறாங்க, வெர்னா."

"யாரு?"

"ஜூனி. அவ தினம் வர்றாளாம்."

வெர்னாவுக்கு வந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. சொன்னால் வெட்கக்கேடு, அது சந்தோஷம். தனக்கு மட்டும்தான் அவள் இருக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இதோ பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். இருக்கிறவளைத்தான் விரட்டப் பார்க்கிறார்கள்.

"நானும் வருவேன் கூட்டத்துக்கு" என்றாள்.

"வா. ஆனா நீ வாக்காளர் இல்ல. பின்னாடிதான் உக்காரணும். வகுப்பு சம்மதிச்சாத்தான் பேசலாம்."

"அடேங்கப்பா" என்றாள் வெர்னா. அன்று ராத்திரி முழுக்கப் படுக்கையில் புரண்டபடி பேச்சைத் தயார் செய்தாள். நன்றிகெட்ட பிள்ளைகளா, உங்களுக்கு எத்தனை நாள் குக்கீஸ் சுட்டுப் போட்டேன் என்று ஆரம்பித்து, காது கிழிய நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வருவது என்று முடிவு.

மறுநாள் விடியுமுன் வழக்கம்போல் வந்தாள். வழக்கம்போல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமே உட்கார்ந்தாள். "உன்னை யாரும் எங்கயும் அனுப்ப முடியாது. நான் பாத்துக்கறேன்" என்று மேசையைத் தடவிச் சொன்னாள். ராத்திரி அடித்த பனியில் முழங்கால்வரை நடந்து வந்திருந்தாள். பூட்ஸை உதறத் தோன்றவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூட்டம். வெர்னா ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் போய், கோட்டுகள் மாட்டியிருக்கும் பின்மூலையில் வாக்காளர் அல்லாதவர்களுக்கென்று போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சில் அவள் ஒருத்திதான். முன்னால் மேபல் என்ற பெண் தலைவராக நின்றாள். பல்லில் கம்பி, தலையில் இறுக்கிய இரட்டைப் பின்னல், கையில் தலைவர் தட்டும் சுத்தியலுக்குப் பதிலாக வெர்னாவின் உருளைக்கிழங்கு மசிக்கும் கட்டை. அதற்கு முந்தின வாரமே வந்து கேட்டு வாங்கிப் போயிருந்தாள். இதற்குத்தான் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருப்பாளா!

மேபல் முதலில் பட்டியலை வாசித்தாள். பெயர் வந்ததும் ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்றார்கள். ஜூனி பிளாஜெட் என்று வந்தபோது அவள் நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்த பெயருக்குப் போனாள். செப்டம்பரில் பட்டியல் எழுதும்போது அந்தப் பெயரை அடிக்க ஒரு பிள்ளையும் ஒத்துக்கொள்ளவில்லை. மிஸ் பெர்லிக்கும் அடிக்கச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் அது அப்படியே நின்றுவிட்டது.

முதல் இரண்டு பொருளும் சீக்கிரம் முடிந்தன. மேபல் மூன்றாம் பொருளை வாசித்தாள். ஹீட்டர் குழாய் மட்டும் டக் டக் என்றது. டெக்கர் எழுந்தான். ஒல்லிப் பையன், காது இரண்டும் சிவந்திருந்தது. வெர்னா உட்கார்ந்திருந்த பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

"நாங்க அவளைத் துரத்தல" என்றான். "முதல்ல அதைச் சொல்லிடறேன். ஆனா அவ வர்றா, மேபல்."

"தலைவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

"தலைவர் அவர்களே, அவ வர்றா. சாயங்காலம் அவ சேரை நான்தான் தூக்கிக் கவுத்து வெக்கறேன். காலைல எங்க பஸ்தான் முதல்ல வரும், நான்தான் முதல்ல உள்ள வருவேன். வந்து பாத்தா மத்த சேரெல்லாம் மேல இருக்கும், அது மட்டும் கீழ இருக்கும். அடியில தண்ணி. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, பனி விழ ஆரம்பிச்சதுலேர்ந்து தினமும். இன்னிக்கும் இருந்துச்சு. இன்னிக்கு ரொம்ப."

"நான் தொட்டுப் பாத்தேன்" என்று ஒரு சின்னப் பெண் உட்கார்ந்தபடியே சொன்னாள். "ஆத்துத் தண்ணி மாதிரி ஜில்லுனு இருந்துச்சு."

வெர்னா தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தாள்.

காய்ந்து, ஓரத்தில் வெள்ளைக் கறை படிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. ஐயோ, இவர்கள் பார்த்தது ஜூனியை இல்லை. இருட்டில் வந்து, நாற்காலியை இறக்கி, தண்ணீரைச் சொட்டவிட்டுப் போன பேய் இங்கே கோட்டுகளுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. நேற்று வந்த சந்தோஷம் வந்த வழியே போயிற்று. இப்போது அந்த நாற்காலியில் யாருமே இல்லை.

டெக்கர் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். குரல் உடைந்து போயிருந்தது. "அவ இன்னும் நனைஞ்சே இருக்கா. நாம எல்லாம் ஹீட்டர் பக்கத்துல உக்காந்திருக்கோம், அவ மட்டும் ஈரமா உக்காந்திருக்கா. எத்தனை நாளைக்கு? அவளா போக மாட்டா. உங்களுக்கே தெரியும், அவ யாரையும் கேக்காம எங்கயும் போனதே இல்ல. யாராவது போன்னு சொல்வாங்கன்னு காத்துக்கிட்டு இருக்கா. அதான் மனு குடுத்தேன். வேற ஒண்ணுமில்ல."

அவன் உட்கார்ந்து சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"போகச் சொன்னா எங்க போவா? திரும்ப ஆத்துக்கா? இங்கயே இருக்கட்டும். ஈரமா இருந்தா என்ன, ஒரு டவல் போட்டு வெப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. டவல் நல்ல யோசனை என்றுகூட இரண்டு பேர் தலையாட்டினார்கள். இந்தப் பிள்ளைகளைத்தான் காது கிழியக் கேட்கலாம் என்று வந்தாள் வெர்னா. அவள் கை தானாக உயர்ந்தது.

மேபல் கட்டையால் மேசையைத் தட்டினாள். "வெர்னா, நீங்க வாக்காளர் இல்ல. வகுப்பைக் கேக்கணும். வெர்னா பேசலாமா? ஏற்போர் ஆம் என்க."

"ஆம்" என்றது வகுப்பு மொத்தமும்.

வெர்னா எழுந்து நின்றாள். அது என் பூட்ஸ் தண்ணீர், கண்ணுகளா. சொன்னால் முடிந்தது. மனு செல்லாது, பயம் போய்விடும், இன்றைக்கே எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். ஆனால் சொன்ன அந்த நிமிஷமே ஜூனியும் இல்லாமல் போய்விடுவாள். பட்டியலில் அவள் பெயர் வெறும் எழுத்தாகிவிடும், நாற்காலி வெறும் நாற்காலி ஆகிவிடும். ஆற்றங்கரையில் ஒருதரம் தொலைத்தவளை இங்கே நின்று இன்னொரு தரம் தன் வாயால் தொலைக்கவேண்டும். சொல்லாவிட்டாலோ, அவள் நனைந்தபடி காத்திருப்பதாக இந்தப் பிள்ளை தினம் நினைத்து நினைத்துச் சாகும். இரண்டு பக்கமும் இடி.

"டெக்கர்" என்றாள். "ரொம்பவா ஈரம்?"

"ஆமா, வெர்னா" என்றான் அவன். முதல் தடவையாக அவளைப் பார்த்தான்.

"சரி. அவ்வளவுதான். நான் கேக்கணும்னு நினைச்சது அதுதான்."

உட்கார்ந்துவிட்டாள். ஓரமாக நின்றிருந்த ரோவீனா அவளையே பார்த்தாள். பார்வை மெல்ல இறங்கி பூட்ஸில் வந்து நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்காமல் சுண்ணக்கட்டித் துண்டை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வேற யாரும் பேசறீங்களா? இல்லேன்னா ஓட்டுக்கு விடறேன்" என்றாள் மேபல். "மூன்றாம் பொருளை ஏற்போர் ஆம் என்க."

"ஆம்." சத்தம் பலமாக இல்லை.

"மறுப்போர் இல்லை என்க."

"இல்லை."

மேபல் முகம் வெளுத்தது. "இல்லைன்னு ஒரு குரல் கூடுதலா கேட்டுச்சு" என்றாள்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றான் டவல் பையன் மெதுவாக. "பின்னாலேர்ந்து. கரகரன்னு." வெர்னா உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது அவளுடைய குரல். அவள் சொல்லவில்லை, அது தானாக வந்திருக்கிறது. இந்த அறையில் நடமாடுகிற ஒவ்வொன்றும் கடைசியில் அவளாகவே இருப்பதை நினைத்தால் அவளுக்கே தன்னைக் கண்டு குலை நடுங்கியது.

மேபல் சமாளித்துக்கொண்டாள். நன்றாகப் பழக்கப்பட்ட பெண். "தலைவருக்குச் சந்தேகமா இருக்கறதால பிரிஞ்சு நிக்கணும். ஆம் சொன்னவங்க ஜன்னல் பக்கம். இல்லை சொன்னவங்க போர்டு பக்கம்."

மேசைகள் இழுபட்டன. பிள்ளைகள் எழுந்து பிரிந்தார்கள். எண்ணவே வேண்டியிருக்கவில்லை, இரண்டு பக்கமும் ஐந்தைந்து. நடுவில் காலியான அறை. அதில் ஜூனியின் நாற்காலி மட்டும் யாருடைய பக்கமும் இல்லாமல் நின்றது.

"சரிசமமா இருந்தா தலைவர் ஓட்டுப் போடணும்" என்று யாரோ சொன்னார்கள். மேபலின் கீழுதடு துடித்தது. இவ்வளவு நேரம் ஊர்ப்பெரிய மனுஷி மாதிரி நின்றவள் பதினோரு வயதுப் பிள்ளையாகிவிட்டாள். கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிஸ் பெர்லியைப் பார்த்தாள்.

"இன்னும் எல்லாரும் ஓட்டுப் போடல" என்றாள் எஸ்மி.

எஸ்மி தீபோ போர்டு பக்கம் நின்றிருந்தாள். எதிலும் சட்டம் பேசுகிறவள் என்று வகுப்பில் அவளுக்குப் பெயர். விளையாட்டு மைதானத்தில் யாரும் அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், கூட்டம் என்றால் மட்டும் அவளுக்கு மவுசு.

"யாரு போடல?"

"ஜூனி. அவ பேரு பட்டியல்ல இருக்கு. நீதானே வாசிச்சே?"

"நேர்ல வராதவங்க ஓட்டுப் போட முடியாது, எஸ்மி" என்றாள் ஜன்னல் பக்கத்திலிருந்து ஒருத்தி. "அது உன் சட்டம்தான்."

"நேர்ல இருக்கான்னுதானே நீங்க மனுவே குடுத்தீங்க? அவ இங்க இருந்தா, அவளுக்கு ஓட்டு இருக்கு. அவ இங்க இல்லேன்னா, நாம யாரைப் போகச் சொல்றோம்?"

சும்மா சொல்லக் கூடாது, பெல்டன் ஊர்க்கூட்டத்தில் ஐம்பது வருஷம் வாதாடித் தாடி நரைத்தவர்கள்கூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எல்லார் கண்ணும் மிஸ் பெர்லி மேல் விழுந்தது.

"எஸ்மி சொல்றது சரிதான்" என்றாள் ரோவீனா.

"அப்ப அவ எந்தப் பக்கம்?"

யாரும் நாற்காலியை நெருங்கவில்லை. டெக்கர் ஓரடி வைத்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டான். "நான் தொட மாட்டேன்" என்றான். "தினம் தொட்டவன்தான். இப்ப முடியல."

வெர்னா எழுந்தாள்.

"நீங்க ஓட்டுப் போடக் கூடாது, வெர்னா" என்றாள் மேபல், அழுகையோடே.

"நான் போடலம்மா. சேரை மட்டும் தூக்கறேன். அவளுக்கு யாராவது தூக்கித்தானே ஆகணும்?"

நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். சின்ன நாற்காலி, ஒரு கனமும் இல்லை. போர்டு பக்கம் அருகில்தான் இருந்தது. இரண்டு எட்டு வைத்து அங்கே இறக்கிவிட்டால் ஜூனி இங்கேயே இருப்பாள். நாளைக்கும் இருட்டில் வரலாம், உட்காரலாம். யார் கேட்கப்போகிறார்கள்? பிள்ளைகள் டவல் போடுவார்கள். அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைகள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்துகூட நின்றார்கள்.

"அவ எப்பவும் எப்படிப் போடுவான்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று எஸ்மி மெதுவாகக் கேட்டாள். அவள் நின்றது போர்டு பக்கம். ஆனாலும் கேட்டாள்.

தெரியாமல் என்ன! போன வருஷம் இதே கூட்டத்தில், இடைவேளையில் மழை பெய்தாலும் வெளியே போகலாமா என்று ஒரு பொருள் வந்தது. தலைவர் வாசித்து முடிப்பதற்குள் ஜூனி "ஆம்" என்று கத்தி, வகுப்பே சிரித்து, அவளைத் திரும்ப உட்காரச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து அவளே நடித்துக் காட்டினாள். வெளியே போகலாமா என்று எப்போது யார் கேட்டாலும் ஜூனிக்கு ஒரே பதில்தான். அவளுக்கு இந்த அறையில் உட்கார்ந்திருக்க ஆசையே கிடையாது. அந்த ஆசை வெர்னாவுடையது.

வெர்னா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அறையைக் கடந்து ஜன்னல் பக்கம் போனாள். டெக்கர் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

மேபல் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆம் தரப்பு ஜெயிச்சது." கட்டையைத் தட்டவில்லை. "யாராவது மறுபடி யோசிக்கணும்னு கேக்கறதா இருந்தா இப்பவே கேக்கணும். ஜெயிச்ச பக்கத்துல நிக்கறவங்க மட்டும்தான் கேக்கலாம். நாலாம் பொருளை எடுத்துட்டா அப்புறம் திருப்ப முடியாது."

ஜன்னல் பக்கம் நின்ற ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள், நாற்காலியை இல்லை, வெர்னாவை. வாக்காளர் இல்லையென்றாலும் அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்களில் யாராவது அதை எடுத்துச் சொல்லத் தயாராக இருந்தார்கள். அது அந்த முகங்களில் தெரிந்தது. மேபல் அவசரப்படாமல் காத்திருந்தாள். ஹீட்டர் குழாய் தட்டியது. கூரையிலிருந்து பனி உருகி ஜன்னலுக்கு வெளியே சொட்டியது. வெர்னா நாற்காலியின் முதுகை விடாமல் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன.

"ஓட்டுப் போட்டா மட்டும் போதுமா?" என்று டெக்கர் கிசுகிசுத்தான். "அவகிட்ட யார் சொல்றது?"

வெர்னா குனிந்தாள். ஒரு பிள்ளையின் காது எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் குனிந்தாள். ஒரு வருஷமாக முதுகுக்குப் பின்னால் நின்ற அந்த வார்த்தையை, இந்தத் தடவை பாத்திரத்தைப் பார்த்து இல்லாமல் அவளைப் பார்த்துச் சொன்னாள்.

"போ."

பிறகு கையை எடுத்தாள். மேபல் கட்டையைத் தட்டினாள். "நாலாம் பொருள்" என்றாள். பனி உருகும் சேற்றுக் காலத்தில் இடைவேளைக்கு வெளியே விடுவதா என்பது அது. எல்லாரும் ஆம் என்றார்கள்.

மறுநாள் காலை வெர்னா அதே நேரத்துக்குத்தான் வந்தாள். வேறு எங்கே போவாள்? பின்கதவைத் திறந்ததும் கால் பழக்கத்தில் வலது பக்கம் திரும்பிவிட்டது. வகுப்பறைக் கதவின் கைப்பிடியில் கையும் வைத்துவிட்டாள். கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். இருட்டில் கவிழ்ந்த நாற்காலிகள், எல்லாம் ஒன்றுபோல. எது அது என்று தேடியிருந்தால் கண்டுபிடித்திருப்பாள். தேடவில்லை. ஆனால் அங்கேயே நின்றாள், வெகுநேரம் நின்றாள். உள்ளே போகாமல் நிற்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கீழே பார்த்தபோது பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. சமையலறைக்குப் போய் தரை துடைக்கும் துணியை எடுத்து வந்து, மண்டியிட்டு, வகுப்பறை வாசலிலிருந்து பின்கதவுவரை ஒரு சொட்டு விடாமல் துடைத்தாள். பிறகு தக்காளி சூப்புக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.

முதல் பஸ் வந்த சத்தம் கேட்டது. நடைவழியில் ஓட்டம். வகுப்பறைக் கதவு திறந்தது. பிறகு ஓட்டம் திரும்பி வந்தது. சாப்பாடு கொடுக்கும் ஜன்னலில் டெக்கரின் தலை தெரிந்தது, தொப்பியைக்கூட அவன் கழற்றவில்லை.

"வெர்னா, தரை காஞ்சிருக்கு. சேர் நான் வெச்ச மாதிரியே மேலயே இருக்கு."

"அப்படியா?"

"தொட்டுப் பாத்தேன். கொஞ்சம்கூட ஈரமில்ல." அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "போயிட்டா, வெர்னா. நீங்க சொன்னீங்க, போயிட்டா."

வெர்னா கரண்டியைச் சட்டிக்குள் விட்டு அடிவரைக்கும் கிளறினாள். "ஆமாடா" என்றாள். "போயிட்டா."

"திரும்பி வந்துட மாட்டாளே? நாளைக்கும் முதல் பஸ்லதான் வருவேன். பாத்துட்டு உங்ககிட்ட வந்து சொல்லட்டுமா?"

"வந்து சொல்லு" என்றாள் வெர்னா. "நாளைக்கும் காஞ்சுதான் இருக்கும்."